கச்சான் காற்றில் வாய் திறந்த புளூநோஸ்: கல்லடியில் ஒரு மாதிரிக் கப்பலின் நிகழ்வு ஆய்வு

கப்பலின் இடது பக்கம் பிளந்தது. வலது பக்கத்தில் மயிரிழைக் கோடுகள் மட்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே பெட்டியில் வந்த மரம், ஒரே ஆளின் கை, ஒரே பசை. பலகைகளையும் மாறி மாறி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்றுதான் ஒட்டியிருந்தார்கள். அப்படியிருக்க ஒரு பக்கம் எப்படித் தப்பியது? இந்த ஆய்வு தொடங்கியது அந்தக் கேள்வியில்தான். பசை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வீட்டில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள்.

கப்பல் மட்டக்களப்பின் கல்லடியில், வாவிக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டில் இருக்கிறது. கட்டியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எனக்கும் படிப்பித்தவர். பெயர் போட வேண்டாம் என்றார். ஆகவே இங்கே ‘சேர்’ என்றே எழுதுகிறேன். நான் தளபாட வேலை செய்கிறவன். மாதிரிக் கப்பல் எனக்குப் புதிது, மரம் புதிதில்லை. “தம்பி, ஒருக்கா வந்து பாரும். இது தச்சுப் பிழையா, கணக்குப் பிழையா எண்டு எனக்கு விளங்கயில்ல” என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் இரண்டும் இருந்தது.

கப்பலும் பெட்டியும்

புளூநோஸ் என்பது கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனன்பர்க் துறையில் 1921 மார்ச்சில் நீரில் இறக்கப்பட்ட இரட்டைப் பாய்மர மீன்பிடிக் கப்பல். வரைந்தவர் வில்லியம் ரூவே, ஓட்டியவர் ஆங்கஸ் வால்டர்ஸ். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே உள்ள கிராண்ட் பாங்க்ஸ் மீன்பரப்பில் கொட் மீன் பிடிக்கவும், அமெரிக்க மீன்பிடிக் கப்பல்களோடு பந்தயம் ஓடவும் என்று இரண்டுக்கும் சேர்த்தே கட்டியது. 1937 முதல் கனடாவின் 10 சத நாணயத்தில் இருக்கும் பாய்க்கப்பல் இதன் சாயல்தான். 1946இல் ஹெய்ட்டிக்கு அருகே பவளப்பாறையில் மோதி அழிந்துபோனது. சேரின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். மாதிரிக் கப்பல் கட்டுவதற்கான மரமும் உதிரிகளும் கையேடும் அடங்கிய கிட் பெட்டியைப் பயணப் பையில் கொண்டுவந்தவர் அவர்தான். அந்த 10 சதக் காசு ஒன்றையும் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்திருந்தார்.

“கனடாக் கப்பல் எங்களுக்கு எதுக்கு?” என்று சேரின் மருமகன் ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, அது நம்மவர்கள் ஓட்ட 1938இல் மசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்தது. புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத்தை ஓடியதும் அதே 1938இல்தான், அதுவும் குளொஸ்டர் கப்பலான கெர்ட்ரூட் தேபோவுடன். இதைச் சொன்னதும் மருமகன் அடங்கிப் போனார். அன்னபூரணிக்கும் ஒரு கிட் பெட்டி யாராவது செய்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். அது வேறு கதை.

அளவு 64இல் 1. உண்மைக் கப்பல் 143 அடி, மாதிரி 68 சென்ரிமீற்றர். முதல் கப்பலுக்கு இது நல்ல தெரிவு என்றுதான் நான் சொல்வேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் மூன்று பாய்மரமும் நூறு பீரங்கியும் உள்ள போர்க்கப்பலைத்தான் வாங்குகிறார்கள். பாதிக் கயிற்று வேலையில் சலித்துப்போய் அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். இதில் பாய்மரத்தில் குறுக்காகத் தொங்கும் பருமல் கட்டைகள் இல்லை, பீரங்கி இல்லை, கயிறும் ஒப்பீட்டில் குறைவு.

ஆனால் ஒரு சிக்கல். இந்தப் பெட்டியில் பலகை ஒற்றை அடுக்குத்தான். பல கிட்டுகளில் முதலில் மலிவான மரத்தில் ஓர் அடுக்கு, அதற்குமேல் அரை மில்லிமீற்றர் தடிப்பில் வோல்நட் மாதிரி நல்ல மரத்தில் இன்னோர் அடுக்கு வரும். முதல் அடுக்கின் குறைகளை இரண்டாவது மூடிவிடும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. கப்பலின் முதுகெலும்பான ஏராக்கட்டையும் அதன்மேல் நிற்கும் குறுக்குச் சட்டங்களும் ஒட்டுப்பலகை. அவற்றின்மேல் 5 மில்லிமீற்றர் அகலமும் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தின் கீற்றுகளை வரிசையாக ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்குக் கப்பலின் நடுவில் ஏறத்தாழ 25 வரிசை. அதற்குமேல் நேராகப் பெயின்ட்.

இந்த இரண்டு மரங்களின் குணமும் இங்கே முக்கியம். ஒட்டுப்பலகையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக இருப்பதால் ஈரத்துக்கு அது அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். பாஸ்வுட் அப்படியில்லை. நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் நன்றாக ஊதும், நன்றாகச் சுருங்கும். பச்சை மரம் முற்றாகக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 9 வீதத்துக்கு மேலும், அதற்குச் செங்குத்தான திசையில் 6 வீதத்துக்கு மேலும் சுருங்குகிற மரம் அது. அசையாத எலும்புக்கூட்டின்மேல் அசைகிற தோல் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

மாரியில் ஒட்டியது

சேர் நவம்பரில் தொடங்கினார். அந்தக் காலத்தில் வெளியே போக முடியாது, மழை. வீட்டுக்குள் இருந்து செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை என்று நினைத்திருக்கிறார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

சட்டங்களை நிறுத்தியதிலும் விளிம்புகளைச் சாய்வாக உரசியதிலும் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மெல்லிய கீற்றை அணியத்திலிருந்து, அதாவது முன்பக்கத்திலிருந்து, பின்பக்கம் வரை சட்டங்கள்மேல் வளைத்துப் பிடித்துப் பார்த்து, எங்கே தொடவில்லை எங்கே துருத்துகிறது என்று குறித்துக் குறித்து உரசியிருக்கிறார். பலகைகளையும் நடுவில் முழு அகலம், அணியத்தில் ஒடுக்கம் என்று கணக்குப் போட்டுச் சீவியிருக்கிறார். கணித ஆசிரியருக்கு அது இனிப்பான வேலை. கொப்பியில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு பலகைக்கும் அட்டவணை இருந்தது. இந்த ஆய்வு பாதி நடந்ததே அந்தக் கொப்பியால்தான்.

வளைவுக்குப் பலகையை நனைக்க வேண்டும். கையேடு சொன்னது இதுதான்: நீரில் ஊறவிடு, சட்டத்தில் கிளிப் போட்டு வளைத்துக் கட்டு, ஓர் இரவு காயவிடு, பிறகு ஒட்டு. சேர் அட்சரம் பிசகாமல் செய்தார். கையேடு எழுதிய நாட்டில் மாரிக்காலத்தில் வீட்டுக்குள் சூடேற்றி ஓடும், காற்று வறண்டு கிடக்கும். அங்கே ஓர் இரவு தாராளம். மார்கழியில் கல்லடியில் கொடியில் போட்ட சாரமே இரண்டு நாளாகியும் பிசுபிசுவென்று இருக்கும். அந்தக் காற்றில் ஓர் இரவு என்பது பேருக்குத்தான். காலையில் பலகையைத் தொட்டால் வளைவு நிற்கிறது, ஆகவே காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஒட்டிய பலகை அடுத்த சில நாட்களில் கொஞ்சம் சுருங்க, இடுக்குகள் தெரிந்தன. மரத்தூளையும் பைண்டர் கம்மையும் குழைத்து நிரப்பினார். பலகையின் அடிப்பக்கத்தில் மட்டுமல்லாமல் விளிம்பிலும் பசை தடவினார். அதுவும் கையேடு சொன்னதுதான். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வரிசை பிடித்துக்கொண்டு வந்து, நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே கடைசிப் பலகையைச் செருகி மூடினார். அந்தக் கடைசிப் பலகை எப்போதும் தொல்லைதான். இடம் ஒழுங்கான வடிவில் மிஞ்சாது. அங்கே தூளும் பசையும் மற்ற இடங்களைவிட அதிகம் போயிருந்தது.

தை முடிவில் உரசிப் பெயின்ட் அடித்தார். மேலே கறுப்பு, கீழே செங்கபிலம். கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்ததாகச் சேரின் மனைவி சொன்னார். படமும் பார்த்தேன், உண்மைதான். பிறகு மேல்தளம், பாய்மரம், கயிறு. சித்திரை வருசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். வைகாசியில் வேலை முடிந்து, மண்டபத்தில் மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரியில் ஏறியது. இடது பக்கம் ஜன்னலைப் பார்த்து, வலது பக்கம் சுவரைப் பார்த்து.

கச்சான்

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காக நாலு வரி. தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடும். மிச்சக் காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி, காய்ந்து, மட்டக்களப்புச் சமவெளி முழுவதும் வீசும். வைகாசி கடைசியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை. உதடு வெடிக்கும், கதவுகள் இறுக்கம் விட்டு ஆடும். மாரியில் மூட முடியாமல் கிடந்த அதே கதவுகள்தான். ஆண்டு மழையில் பெரும் பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டுவதும், நடுவருசத்தில் இப்படிக் காய்வதும்தான் எங்கள் ஊர்க் காலநிலை.

ஜூலை நடுப்பகுதியில் பிளவு தெரிந்தது. நான் பார்த்தபோது அகலமான இடத்தில் 1.2 மில்லிமீற்றர். கறுப்புப் பெயின்டுக்கு நடுவில் வெள்ளை மரம் தெரிந்ததால் கண்ணுக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. கூர்ந்து பார்த்தால் பிளவு ஒரே அகலத்தில் ஓடவில்லை. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கு மேலும் ஒடுங்கி, சட்டங்களுக்கு இடையில் அகன்று, அலை அலையாக இருந்தது. சட்டத்தில் ஒட்டிய இடத்தில் பலகையால் அசைய முடியவில்லை, இடைவெளியில் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இந்த அலையைப் பார்த்ததுமே எனக்குப் பசைமேல் இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது.

யார் குற்றவாளி

பசையை முதலில் விசாரித்தோம். சேரிடம் மிச்சமிருந்த அதே பசையால் மிச்சமிருந்த இரண்டு கீற்றுகளை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, மறுநாள் உடைத்தோம். மரம் கிழிந்தது, பசை விடவில்லை. கப்பலின் பிளவை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் உடைந்திருந்தது அந்தக் கடைசிப் பலகையின் மேல் விளிம்பில் இருந்த தூள்-பசைக் கலவை. மற்ற வரிசைகளின் விளிம்புகள் எல்லாம் கெட்டியாகப் பிடித்திருந்தன.

உண்மையில் பசை நன்றாகப் பிடித்ததுதான் வினையாகிவிட்டது. 25 பலகையும் தனித்தனியாகச் சுருங்கியிருந்தால் ஒவ்வோர் இடுக்கும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூடத் திறந்திருக்காது, பெயின்டுக்குக் கீழே யாருக்கும் தெரிந்திருக்காது. விளிம்புக்கு விளிம்பு ஒட்டியதால் அவை ஒரே அகலப் பலகையாகி, எல்லாச் சுருக்கத்தையும் சேர்த்து, பலவீனமான ஓரிடத்தில் காட்டிவிட்டன.

அது ஊகம்தானே என்று சேர் கேட்டார். இலக்கம் இல்லாமல் அவர் எதையும் ஏற்கமாட்டார். சரி, அளப்போம் என்று முடிவெடுத்தோம்.

இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஒரு மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, கொஞ்சம் கறியுப்பு, ஒரு மலிவான ஈரப்பதமானி, நுண்ணிய அளவு எடுக்க ஒரு வேர்ணியர். உப்பில் சில துளி நீர் விட்டுக் குழம்பாக்கிச் சின்ன மூடியில் வைத்துப் பெட்டியை அடைத்தால், உள்ளே காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தில் நின்றுவிடும். உப்பு முற்றாகக் கரையாமல் குழம்பாகவே இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. சேரின் ஈரப்பதமானி அதற்குள் 69 காட்டியது. ஆகவே அது சொல்வதற்கு 6 கூட்ட வேண்டும் என்று தெரிந்தது. மலிவுக் கருவியை வாங்கினால் முதலில் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். செய்யாமல் அதை நம்பக் கூடாது.

பிறகு மிச்சமிருந்த கீற்றுகளிலிருந்து 20 துண்டு வெட்டி, பக்கம் பக்கமாக அடுக்கி, இலேசாக நெருக்கி அகலத்தை அளந்தோம். ஒரு துண்டை அளந்தால் வித்தியாசம் வேர்ணியருக்கே பிடிபடாது, 20ஐச் சேர்த்தால் பிடிபடும். உப்புப் பெட்டியில் சில நாள் வைத்து ஒரு தடவை, மேற்கு ஜன்னல் அலமாரியில் சில நாள் வைத்து ஒரு தடவை. இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய வித்தியாசம். 100 மில்லிமீற்றர் அடுக்குக்கு இது. கப்பலின் 125க்கு விரித்துப் பார்த்தால் கண்ட பிளவோடு அருகருகே வந்து நின்றது. கொப்பியில் கணக்கைப் போட்டு முடித்தபோது சேரின் முகத்தில் பிளவைப் பற்றிய கவலையே இல்லை.

மரத்தின் ஈரத்துக்கான அட்டவணைகளும் இதைத்தான் சொல்லும். 80 வீத ஈரப்பதத்தில் கிடக்கும் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 வீதம் நீரை வைத்திருக்கும். 50 வீதத்தில் அது 9ஐ ஒட்டி வந்துவிடும். அந்த ஏழு புள்ளியை மரம் எப்போது இழக்கிறது, ஒட்டுவதற்கு முன்பா பின்பா என்பதுதான் இந்தக் கப்பலின் தலைவிதியை எழுதியது.

இனி வலது பக்கம் ஏன் தப்பியது? விடை கறுப்புப் பெயின்டில் இருந்தது. பிற்பகல் வெயில் ஜன்னலால் நேரே இடது பக்கத்தில் விழும். கைவைத்தால் சுடும். காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள நீர் அப்படியே இருந்தாலும் ஈரப்பத வீதம் விழுந்துவிடும். 32 பாகையில் 50 வீதமாக உள்ள காற்று, 45 பாகைக்குச் சூடேறிய பலகையை ஒட்டிப் போகும்போது ஏறத்தாழ 25 வீதம்தான். அதாவது மண்டபத்தில் இருந்த கப்பலின் ஒரு பக்கம் மட்டும் பாலைவனத்தில் இருந்திருக்கிறது. சுவர்ப்பக்கம் வெறும் கச்சானோடு தப்பிவிட்டது.

இத்தனையும் முடித்த பிறகு, நாவலடிப் பக்கம் வள்ளம் தோணி செய்துவந்த முதியவர் ஒருவரை, என் கடைக்குப் பலகை வாங்க வந்த இடத்தில் பிடித்துக் கேட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மரம் காயக்குள்ள வாய் திறக்கும், நனையக்குள்ள மூடும். இதுல என்னகா மனே புதினம்? கரையில கிடந்த வள்ளத்தத் தண்ணியில போட்டா முதல்ல ஒழுகும், மறுகா தானா நிண்டுரும்.” வேர்ணியரும் உப்புமாக நாங்கள் கண்டுபிடித்ததை அவர் வெற்றிலை மென்றுகொண்டே சொல்லிவிட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உண்மைக் கப்பலைக் காய்ந்த பலகையால் கட்டி, இடுக்கில் பஞ்சு அடைத்து, நீரில் இறக்குகிறார்கள். நீர் பட்டு ஊதி அது தானே இறுகும். வாழ்நாள் முழுவதும் அது ஈரத்தில்தான். மாதிரிக் கப்பலுக்கு இந்த உதவி ஒருநாளும் கிடைக்காது. அது நேர்மாறாக, ஈரத்தில் பிறந்து வறட்சிக்குப் போகிறது.

திருத்தம்

பிளவைக் கண்டவுடன் புட்டி வைத்து மூடுவதுதான் எல்லாருக்கும் வரும் யோசனை. கச்சானில் நிரப்பினால் மாரியில் பலகை ஊதி அந்தப் புட்டியை நெருக்கும். வெளியே வரம்பு மாதிரிப் பிதுங்கும், அல்லது பலகையே சட்டத்தை விட்டு எழும்பும். ஆகவே முதல் சிகிச்சை கப்பலை அந்த அலமாரியிலிருந்து இறக்கி, வெயில் படாத உள்சுவருக்கு மாற்றியது மட்டும்தான். ஒன்றும் செய்யாமலே சில கிழமையில் பிளவு கிட்டத்தட்டப் பாதியாக ஒடுங்கிவிட்டது.

ஒக்டோபரில், கச்சான் ஓய்ந்து மழை இன்னும் பிடிக்காத இடைவெளியில், மிச்சத்தைத் திருத்தினோம். பழைய தூள்-பசையை ஊசியால் சுரண்டி எடுத்து, அதே பாஸ்வுட்டில் ஆப்பு வடிவில் மெல்லிய சிராய் சீவி, பசை தடவிச் செருகி, காய்ந்ததும் மட்டமாக உரசினோம். சிராய்க்குரிய மரத்தை முன்கூட்டியே கப்பலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கட்டும் என்று. மேலே அக்ரிலிக் பெயின்ட். உடலின் உட்புறத்துக்கு ஒரு பூச்சு கொடுக்க முடிந்திருந்தால் இன்னும் நல்லது, ஆனால் மேல்தளம் மூடிய பிறகு அது நடக்காத காரியம். தளம் ஒட்டுவதற்கு முன்பே, நீர்த்த பசையோ சீலரோ உள்ளே ஒரு தடவை பூசிவிட வேண்டும். மரம் அசைவதை அது நிறுத்தாது, ஆனால் வேகத்தைக் குறைக்கும். வெளியே மட்டும் பெயின்ட், உள்ளே வெறும் மரம் என்றிருந்தால் பலகை ஒரு பக்கமாகக் குடித்து ஒரு பக்கமாகவே கக்கும்.

அடுத்த கச்சானில் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது, நகத்துக்கு அகப்படவில்லை.

கயிறு செய்த வேலை

பிளவில் கவனமாக இருந்ததால் கயிற்றை நாங்கள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது, யோசித்தோம், ஆனால் சேர் முந்திக்கொண்டார். ஜூலையில் பாய்மரக் கயிறுகள் எல்லாம் தொய்ந்திருந்தன. பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஓகஸ்ட்டில், மூன்று துளையுள்ள வட்டக் கட்டைகளுக்கிடையே ஓடும் இறுக்கு கயிறுகளை அவிழ்த்து, நன்றாக இழுத்துக் கட்டிவிட்டார். டிசம்பர் மழையில் முன்பாய்மரத்தின் மேற்கட்டை முன்னோக்கி வளைந்தது. அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை மேலே இழுபட்டது.

கிட்டோடு வந்தது பருத்தி நூல். முறுக்கிய பருத்தியும் சணலும் நனைந்தால் தடிக்கும், தடித்தால் முறுக்கு இறுகி நீளம் குறையும். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் மழை வந்தால் கயிற்றை இளக்கிவிட்டது இதனால்தான். அணியத்துக்கும் பாய்மர உச்சிக்கும் ஓடுவது கப்பலிலேயே நீளமான கயிறுகளில் ஒன்று. நீளமானதுதான் அதிகம் சுருங்கும், அதோடு அது பிடித்திருப்பதோ மெல்லிய மேற்கட்டை. ஒரு மீற்றர் நூலில் சின்ன நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு நனைத்துப் பார்த்தோம். நட்டு மேலே ஏறியதைச் சேரின் பேரன்தான் முதலில் கண்டான். அதே சோதனையில் பொலியெஸ்ரர் தையல் நூல் அசையவில்லை. தேன்மெழுகு பூசினால் பருத்தியின் ஆட்டம் தாமதப்படும், நிற்காது.

மாற்றுவதில் சேருக்கு ஒரு தயக்கம். செயற்கை நூல் பொய்யாகாதா என்றார். இந்தக் கப்பலுக்கு ஆகாது. 1921இல் பாய்மரங்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தவை உருக்குக் கம்பி வடங்கள். பருத்தியின் பஞ்சு மயிர் அவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. காத்தான்குடியில் வாங்கிய கறுப்புப் பொலியெஸ்ரர் நூலை மூன்றாகச் சேர்த்துக் கைத்துறப்பணத்தில் முறுக்கி எடுத்தால் பார்வைக்கும் அதுதான் கம்பி மாதிரி இருக்கிறது. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளை மட்டும் பருத்தியிலேயே விட்டோம். அவை கட்டைகளில் சுற்றி முடிவதால் எப்போதும் இளக்கிவிடலாம். வளைந்த மேற்கட்டையைச் சேர் புதிதாகச் சீவிப் போட்டார்.

கண்ணாடிப் பெட்டி

கறையானுக்கும் உப்புக்காற்றுக்கும் பயந்து ஒரு பெட்டி செய்வதென்று முடிவானது. அலுமினியமும் கண்ணாடியும் பொருத்தும் ஒரு கடையில் கொடுத்தோம். வந்த அன்று திறந்தால் வினாகிரி மணம். மூலைகளை அடைக்கப் போட்டிருந்த சிலிக்கோன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும் வகை. கிட்டுகளில் நங்கூரம் போன்ற வார்ப்பு உதிரிகள் சில வேளை ஈயம் கலந்தவை. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி நின்றால் ஈயம் வெள்ளைத் தூளாகப் பூத்து உதிரத் தொடங்கும். அருங்காட்சியகங்களில் பழைய மாதிரிக் கப்பல்களின் ஈய நங்கூரங்களை இப்படி இழந்திருக்கிறார்கள். அங்கே ஆவி சில மரங்களிலிருந்தே வருகிறது. சேரின் கிட்டில் இருந்த வார்ப்பு எதனால் ஆனது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. மணம் போகும் வரை கண்ணாடிப் பெட்டியைக் காலியாகத் திறந்து வைத்திருந்துவிட்டுத்தான் கப்பலை உள்ளே வைத்தோம். இனிச் செய்வதானால் அமிலம் விடாத சிலிக்கோன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டி செய்கிற நன்மை தூசிக்கு மட்டுமல்ல. பகலில் 50, இரவில் 70 என்று ஆடுகிற காற்று உள்ளே அவ்வளவு ஆடாது. மாரிக்கும் கச்சானுக்கும் இடையிலுள்ள பெரிய ஆட்டத்தை அது தடுக்காது, மெதுவாக்கும். உள்ளே மின்குமிழ் வைக்க வேண்டும் என்று மருமகன் நின்றார். சேர் ஜன்னல் வெயிலை ஞாபகப்படுத்தி மறுத்துவிட்டார்.

அடுத்த பெட்டி

மகன் இன்னொரு கிட் அனுப்பியிருக்கிறார், சின்னது, ஒற்றைப் பாய்மரம். இந்த முறை வேலைகளின் வரிசை கையேட்டின்படி இல்லை. சட்டங்கள், பாய்மரம் சீவுதல், கப்பிகள், சின்னச் சின்ன உதிரிகள் மாரியில். பலகை ஒட்டுவது மாசி, பங்குனியில், மழை ஓய்ந்து கச்சான் இன்னும் பிடிக்காத நாட்களில். மாரியில் சுப்பர் குளூவும் தள்ளிவைப்பு. ஈரக்காற்றில் அது மளமளவென்று இறுகி, சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரிப் படிந்துவிடுகிறது. வார்னிஷும் அப்படியே.

ஒன்றில்தான் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. பலகையை நனைக்கவே வேண்டாம், வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சூட்டிரும்பால் வளைக்கலாம் என்பது என் கட்சி. ஒன்றரை மில்லிமீற்றர் பாஸ்வுட் சூட்டுக்கே இளகும், உள்ளே நீர் ஏறாது. சேர் ஊறவைப்பதை விடமாட்டேன் என்கிறார். ஆனால் ஓர் இரவு என்ற கணக்கை மாற்றி, வளைத்த பலகையைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடை பழைய நிலைக்கு வந்தால்தான் ஒட்டுவது என்று விதி போட்டிருக்கிறார். இரண்டு முறையிலும் ஒரே வளைவுக்குச் சில கீற்றுகளைச் செய்து, மிச்ச ஒட்டுப்பலகையில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஜூலை வந்ததும் வேர்ணியரை எடுப்போம்.